புதுப்பிப்பு: பாலும் குளூட்டனும் இல்லாத காபி

குளூட்டன் என்னும் தானியப் புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோயினால் கோதுமையையும் பார்லியையும், ஒவ்வாமையினால் பாலையும் விலக்கிவிட்ட நான், காபிக் கடையில் எதைக் கேட்டு வாங்கலாம் என்று மூன்று மாதங்களுக்கு முன் இங்கே வினவியிருந்தேன். ஓட்ஸ் பால் போதும் என்று பலர் சொன்னீர்கள். அதுவே எனக்குச் சிக்கலானது. ஓட்ஸ் இயல்பில் கோதுமை இனமன்று என்றாலும், வயலிலும் ஆலையிலும் கோதுமையோடும் பார்லியோடும் கலந்துவிடுவதால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லை என்னும் பொருளில் 'குளூட்டன் அற்றது' என்று அச்சிட்ட பெட்டியைக் கண்ணால் பார்க்காமல் நான் இப்போது வாங்குவதில்லை. பெட்டியைக் காட்டச் சொன்னால் ஊழியர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அஞ்சினேன், ஒருவரும் சுளிக்கவில்லை.

பாலைப் பொறுத்தவரை, கோப்பையைவிட நீராவிக் குழாயே தொல்லை தருகிறது. பசும்பாலை நுரைக்கச் செய்த குழாயையே சோயாப் பாலிலும் விடுகிறார்கள் என்பதால், முதலில் அதைத் துடைத்து, நீராவியை ஒருமுறை வெளியேற்றித் தரும்படி கேட்கிறேன். கூட்டம் மிகுந்த மாலை வேளையில் அதையும் நம்பாமல், பனிக்கட்டியில் ஊற்றிய அமெரிக்கானோ என்னும் பாலில்லாத காபியோடு நிறுத்திக்கொள்கிறேன். கேரமல் சாற்றில் பால் இருக்கலாம். பால் சேராதது என்று விற்கும் க்ரீமர் பொடியிலும் சோடியம் கேசினேட் என்ற பெயரில் பால் புரதமே இருப்பதுண்டு. மால்ட் சேர்ந்த பானங்கள் பார்லியால் ஆனவை, ஆகவே அவை அறவே வேண்டாம்.

சிக்கரியைப் பற்றிக் கேட்டவருக்கு: அது ஒரு செடியின் வேர், தானியமன்று, ஆகவே அது கலந்த, பால் விடாத டிகாக்‌ஷனை நான் தாராளமாகக் குடிக்கிறேன்.