கீழே சூடு, மேலே மரம்

நான்: சித்தப்பா, டோர்ட்முண்ட் வீட்டில் தரைச் சூட்டுக் குழாய்க்கு மேலே எஸ்ட்ரிஷ், அதுதான் தரைச் சாந்து, ஊற்றியாகிவிட்டது. இனிப் பலகைதான். பீச் மரம், 20 மி.மீ. முழுப் பலகை, நல்ல அகலம். மலிவாக வருகிறது. எடுக்கட்டா?

அக்கா: படம் போடடா.

சித்தப்பா: பீச் வேண்டாம். பீச்சையும் மேப்பிளையும் பதற்றக்கார மரம் என்றுதான் ஜெர்மன்காரர் சொல்வார்கள். காற்றில் ஈரம் கொஞ்சம் மாறினாலே விரியும், சுருங்கும். ஓக் எடு. அதுவும் முழு மரமில்லை, அடுக்குப் பார்க்கெட் பலகை. மேலே 3, 4 மி.மீ. ஓக், கீழே குறுக்காக ஒட்டிய அடுக்கு. ஒன்று இழுத்தால் மற்றது விடாது.

நான்: தடிப்பமென்றால் கனகாலம் உழைக்குமே?

சித்தப்பா: சூடு மேலே வர வேண்டாமா? அகப்பைப் பிடியை ஏன் மரத்தில் செய்கிறார்கள்? பெட்டியில் வெப்பத்தடை எண் இருக்கும், 0.15ஐத் தாண்டக் கூடாது. 14 மி.மீ. அடுக்குப் பலகை பெரும்பாலும் அதற்குள் அடங்கும்.

அம்மா: தம்பி, நான் வாங்கி வைத்த கம்பளம்?

சித்தப்பா: அண்ணி, அதுவும் அந்தக் கணக்கில்தான் சேரும். மெல்லிய சின்னக் கம்பளமென்றால் பரவாயில்லை.

அம்மா: அது மெல்லியது இல்லையே. சரி, கால் சுடாதோ?

சித்தப்பா: மரத்தின் மேல் 27 பாகைக்கு மேலே விடமாட்டோம். உங்கள் உடம்பே 37 அண்ணி.

நான்: ஒட்டுவதா, சும்மா மிதக்க விடுவதா?

சித்தப்பா: ஒட்டு. மிதக்க விட்டால் இடையில் காற்று நின்று சூட்டை மறிக்கும். அதை விடு, எஸ்ட்ரிஷ் ஊற்றி எத்தனை நாள்?

நான்: 5 கிழமை. கை வைத்துப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது.

சித்தப்பா: கையை நம்பாதே! சிமெந்து எஸ்ட்ரிஷ் என்றால் 21 நாள் கழித்து ஹீட்டிங்கைப் போட்டு, படிப்படியாகச் சூட்டை ஏற்றி இறக்க வேண்டும். அப்புறம் ஓரிடத்தில் கொத்தியெடுத்து ஈரம் அளக்க வேண்டும். 1.8 வீதத்துக்கு மேலென்றால் பலகையைத் தொடாதே. ஒரு வீட்டில் அவசரப்பட்டு ஒட்டினார்கள். பலகையெல்லாம் ஓரம் எழும்பி, நடு குழிந்து, தோணி மாதிரி. முழுவதையும் கிளப்பியெடுத்தது நான்தான், முதுகு இன்னும் நோகிறது.

நான்: ஹீட்டிங்கே இன்னும் போடவில்லை சித்தப்பா. 19ஆம் திகதி பால் காய்ச்ச நாள் பார்த்தாயிற்று.

அம்மா: ஐயர் குறித்துத் தந்த நாள், மாற்ற முடியாது.

சித்தப்பா: ஏன் மாற்ற வேண்டும்? வெறும் எஸ்ட்ரிஷில் வைத்தாலும் பால் பொங்கும். பலகை பிறகு வரட்டும்.

அம்மா: அப்போ அன்றைக்கு மட்டும் என் கம்பளத்தை விரிக்கலாம்.

அக்கா: படம் எங்கேடா?