மழை ஜாக்கெட்டுக்குள்ளேயே நனைவது ஏன்? சில அனுபவங்கள்

கோயம்புத்தூரிலிருந்து:

உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கில் பூக்கள் நிறைந்திருக்கும் மாதங்களும் பருவமழை மாதங்களும் ஒன்றே என்பதால், மழைக்கான உடையைப் பற்றி யோசிக்காமல் அங்கே கிளம்ப முடியாது. எங்கள் குழுவில் எல்லா வகையும் இருந்தன. இருவரிடம் கோர்டெக்ஸ் என்ற நீர்புகாச் சவ்வு வைத்த மூவடுக்கு ஜாக்கெட், சிலரிடம் உட்புறம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூசிய விலை குறைந்த ஜாக்கெட், ஒருவரிடம் தலைவழியே போட்டுக்கொள்ளும் சாதாரண பிளாஸ்டிக் போஞ்சோ. புல்னாவிலிருந்து காங்கரியா வரை ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஏற்றம். மேலே போய்ச் சேர்ந்தபோது போஞ்சோக்காரரைத் தவிர மற்ற எல்லோருடைய உள்சட்டையும் பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது; கூடுதல் விலை கொடுத்தவர்களுக்குத்தான் ஆற்றாமை அதிகம். ஆனால் மறுநாள், 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஹேம்குண்ட் சாஹிப் குருத்வாராவுக்கு அதே ஜாக்கெட்டுகளோடு, விடாத தூறலில், நிதானமாக ஏறியபோது அவர்களுடைய முதுகு பெரும்பாலும் உலர்ந்தே இருந்தது.

முதல் நாள் கைவிட்ட ஜாக்கெட் மறுநாள் காப்பாற்றியதற்குக் காரணம், அதனுள் இருக்கும் சவ்வு வேலை செய்யும் விதம். 1969இல் பாப் கோர் என்பவர் சூடேற்றிய டெஃப்லான் கம்பியைச் சட்டென்று இழுத்தபோது, அது அறுந்து போகாமல் நுண்துளைகள் நிறைந்த பொருளாக நீண்டது. அதிலிருந்து செய்யப்படும் கோர்டெக்ஸ் சவ்வின் துளைகளில் மழைத்துளி நுழையாது, நீராவி நுழையும். ஆனால் அந்த நீராவியை வெளியே தள்ளுவதற்கென்று துணியில் தனியாக எதுவும் இல்லை. உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் கூடுதலாகவும், வெளியே குளிர்ந்தும் இருந்தால்தான் அது தானாக வெளியேறும். புல்னாவின் வெதுவெதுப்பான மூடுபனியில், செங்குத்தான ஏற்றத்தில் உடல் கொட்டுகிற வியர்வைக்கு எந்தச் சவ்வாலும் ஈடுகொடுக்க முடியாது. போஞ்சோவின் பக்கங்கள் திறந்திருந்ததால் காற்றே அந்த வேலையைச் செய்துவிட்டது. அவருடைய முழங்காலுக்குக் கீழே நனைந்தது வேறு விஷயம்.

கடைச் சீட்டில் 10,000 அல்லது 20,000 மி.மீ. என்று அச்சிட்டிருப்பது, எவ்வளவு உயர நீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பதை மட்டுமே குறிக்கிறது. பெய்கிற மழைக்கு 10,000 போதும். பையின் பட்டை அழுத்துகிற தோளுக்கும், ஈரப்பாறையில் உட்காரும்போதும்தான் அதற்கு மேலான எண் உதவுகிறது. ஆகவே நான் இப்போதெல்லாம் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பு, அக்குளில் ஜிப் இருக்கிறதா, தலைமூடி தலையோடு சேர்ந்து திரும்புகிறதா என்பதைத்தான் பார்க்கிறேன்.

வால்பாறையிலிருந்து:

தமிழகத்தில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்றான சின்னக்கல்லாறு எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஜூன் தொடங்கினால் மழையில்தான் வேலை. தேயிலை பறிக்கும் பெண்கள் இடுப்பில் தடித்த பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு, தலைக்கு மேல் இன்னொன்றைக் கொங்காணி போல மடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். மேற்பார்வைக்குச் செல்லும் எனக்கு, மூச்சு விடும் ஜாக்கெட் ஒன்றை உறவினர் வாங்கித் தந்தார். காலை நேரக் குளிரில் பைக் ஓட்டும்போது அதற்கு இணை எதுவும் இல்லை என்பேன். ஆனால் செடிகளுக்கிடையே இறங்கிவிட்டால் கதை வேறு. கவாத்து செய்த தேயிலைக் கிளைகளின் முனை உரசி உரசி, இரண்டே பருவத்தில் முன்கைப் பகுதியின் வெளித்துணி பஞ்சு போலச் சிலிர்த்துவிட்டது. அந்த இடத்தில் விழும் துளி உருண்டு ஓடாமல் அப்படியே பரவி ஊறுகிறது. மலையேறுபவர்களுக்காகச் செய்ததைத் தோட்ட வேலைக்குப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வயற்காட்டுக்கும் தோட்டத்துக்கும் ரப்பர் பூசிய பழைய மழைக்கோட்டே உழைக்கும்.

எடின்பரோவிலிருந்து:

மேலே சொல்லப்பட்ட அந்த ஊறுதல்தான் என் கணக்கில் முக்கியமான செய்தி. வெளித்துணியின் மீது நீரை விலக்கும் பூச்சு ஒன்று உண்டு. அது தேய்ந்தாலோ அழுக்கடைந்தாலோ வெளித்துணி நீரைக் குடித்துக் கனக்கிறது. சவ்வு பழுதாகாமலேயே இருந்தாலும், ஈரத்துணி மூடிய துளைகள் வழியே ஆவி வெளியேறாது. உள்ளே குளிர்ந்து ஈரமாகிறது. அணிந்தவர் ஜாக்கெட் ஒழுகுகிறது என்று எண்ணிவிடுகிறார். ஸ்காட்லாந்து மலைகளில் நடப்பவர்களிடம் இந்தப் புலம்பலை ஓயாமல் கேட்கலாம். துவைத்தால் கெட்டுவிடும் என்று பயந்து ஆண்டுக்கணக்கில் துவைக்காமல் விடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

நான் செய்வது இதுதான். ஜிப்புகளை எல்லாம் மூடி, இதற்கென்றே விற்கும் திரவ சோப்பில் மிதமான வெந்நீரில் துவைத்து, சோப்பு துளியும் தங்காதபடி இன்னொரு முறை அலசுகிறேன். வாசனைக்காகச் சேர்க்கும் துணி மென்மையாக்கி இதன் பக்கத்திலேயே வரக்கூடாது. உலர்ந்த பின் டிரையரில் குறைந்த சூட்டில் சற்று நேரம் ஓட்டினால், படுத்துப்போன பூச்சு மறுபடி உயிர்பெறும். டிரையர் இல்லாதவர்கள், பராமரிப்புச் சீட்டு அனுமதித்தால், மேலே ஒரு துண்டை விரித்து மிதமான சூட்டில் இஸ்திரி போடலாம். அதன் பின்னும் தண்ணீர் முத்து முத்தாக நிற்கவில்லை என்றால்தான் புதிய பூச்சைத் தெளிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய பூச்சுகளில் இருந்த ஃபுளோரின் சேர்மங்கள் எண்ணெயையும் விலக்கின. அவை மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்குவதால் கலிபோர்னியா 2025 முதல் உடைகளில் அவற்றைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது; உற்பத்தியாளர்களும் மாறி வருகிறார்கள். மாற்றம் சரியானதே. ஆனால் புதிய பூச்சுகள் எண்ணெயை அவ்வளவாக விலக்காததால், கழுத்துப்பட்டையிலும் தலைமூடியின் விளிம்பிலும் தலை எண்ணெயும் சன்ஸ்கிரீனும் எளிதில் ஏறிவிடுகின்றன. தேங்காய் எண்ணெய் தடவும் நம்மவர்கள் இன்னும் அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும்.

சென்னையிலிருந்து:

ஆண்டுக்கு ஒரு முறை மலைக்குப் போகும் என்னைப் போன்றவர்களுக்கு, அணிவதைவிட எடுத்து வைப்பதுதான் சிக்கல். பாலியூரித்தேன் பூச்சை எங்கள் ஊர்ப் புழுக்கமே மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். என் தம்பி பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பரணில் வைத்திருந்த ஜாக்கெட்டை விரித்தபோது, உட்புறம் விரலில் ஒட்டுகிற அளவுக்குப் பிசுபிசுத்து, புளித்த வாடையோடு செதில் செதிலாக உதிர்ந்தது. அலமாரியில் ஹேங்கரில், உறையில்லாமல் தொங்கிய இன்னொன்று நன்றாகவே இருக்கிறது. தையலின் மேல் ஒட்டிய பட்டை மட்டும் உரிந்திருந்தால், ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, அதற்கென்று விற்கும் பட்டையை ஒட்டிச் சரிசெய்யலாம். பூச்சே உரியத் தொடங்கிவிட்டால் தையற்காரரிடம் கொண்டுபோய்ப் பயனில்லை. அதை நம்பி அடுத்த பயணத்துக்குக் கிளம்பாதீர்கள்.