'உத்தரவாதம் இல்லை' என்பதை எப்படி எழுதுவது?

குடமுருட்டி:
குழி, மா, வேலி என்ற நம் பக்கத்துப் பழைய நில அளவுகளை ஏக்கர், சென்ட்டாக மாற்றும் சின்னச் செயலி ஒன்று எழுதியிருக்கிறேன். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் ஜிபிஎல் 3 (GPL) உரிமத்தில் வெளியிடப் போகிறேன். திறந்ததும் ஆங்கில உரிமம் முழுதும் வரும், கீழே 'ஏற்கிறேன்' பொத்தான். திருவையாற்றில் அப்பாவிடம் காட்டினேன். "எதுக்குப்பா கையெழுத்து கேக்குது?" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உரிமத்தைத் தமிழில் இரண்டு வரியாக்கிவிடலாமா?

வெண்ணாற்றங்கரை:
வேண்டாம் தம்பி. உரிம வாசகத்தை அப்படியே நகலெடுக்கலாம், மாற்றக்கூடாது என்று அதன் தலைமாட்டிலேயே இருக்கிறது. மொழிபெயர்ப்புகளையும் அந்த உரிமத்தை வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. உத்தரவாதம் இல்லை, இழப்புக்குப் பொறுப்பில்லை என்று சொல்லும் 15, 16ஆம் பிரிவுகளில் ஒரு சொல் பிசகினாலும் வம்பு.

வடவாறு:
சார், உரிமக் கோப்பு அப்படியே கிடக்கட்டும், யார் கை வைக்கச் சொன்னது? முகப்பில் என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி. ஆங்கிலத்தில் அந்த உத்தரவாத மறுப்பு மட்டும் பெரிய எழுத்தில் (கேப்பிடல்) இருப்பது ஏன்? இப்படிப்பட்ட மறுப்பு கண்ணில் படும்படி இருக்கவேண்டும் என்கிறது அமெரிக்க வணிகச் சட்டம். தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போவது? புரிகிற மாதிரி எழுதினால்தான் நம்மவர் கண்ணில் படும். அப்புறம், அந்தப் பொத்தானே வேண்டாம். நிரலைப் பெறவும் இயக்கவும் உரிமத்தை ஏற்கத் தேவையில்லை என்று 9ஆம் பிரிவே சொல்கிறது.

குடமுருட்டி:
பொத்தானைத் தூக்கிவிட்டேன். 'எந்தப் பொறுப்பும் கிடையாது' என்று போட்டால் போதுமா?

வெண்ணாற்றங்கரை:
அது பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டு போர்டு மாதிரி இருக்கிறது. 'உத்தரவாதம் இல்லை, விவரம் உரிமத்தில்' போதும். பக்கத்து வயல்காரர் சும்மா தந்த விதைநெல்லுக்கு முளைப்புத்திறன் சீட்டு கேட்போமா?

வடவாறு:
கலப்பு இருப்பது தெரிந்தால் அவர் சொல்லித்தானே கொடுப்பார்? இங்கே கலப்பு எங்கே என்று நமக்குத் தெரியும். குழி 144 சதுர அடி, மா 100 குழி என்றால் மூன்று மா 43,200 சதுர அடி. ஏக்கரோ 43,560. ஊரில் 'மூணு மா ஒரு ஏக்கர்' என்றே பழகிவிட்டோம். வேலி என்பது 20 மா, அதனால் ஒரு வேலிக்கு ஐந்தரை சென்ட் இடிக்கும். எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையில் இரண்டு கணக்கையும் கலந்து போட்டதில் சித்தப்பா ஒரு வருஷம் எங்களோடு பேசவில்லை. அந்த 144ஐ முகப்பில் எழுதுங்கள்.

குடமுருட்டி:
சரி, இப்படி:
"இது கட்டற்ற மென்பொருள். உத்தரவாதம் இல்லை. குழிக்கு 144 சதுர அடி என்று கணக்கிடுகிறது, உங்கள் ஊர் வழக்கம் வேறாக இருக்கலாம். பத்திரம் எழுத இதை நம்பவேண்டாம், நிலத்தை அளந்துகொள்ளுங்கள். செல்லுபடியாவது ஆங்கில உரிமமே."

வெண்ணாற்றங்கரை:
'நம்பவேண்டாம்' என்று நம் பொருளை நாமே சொல்வானேன்? 'இதை மட்டும் வைத்துப் பத்திரம் எழுதவேண்டாம்' என்று மாற்றுங்கள். கடைசி வரி முதலில் வரவேண்டும் என்பதில் இன்னும் எனக்குப் பிடிவாதம்தான்.

வடவாறு:
முதலில் போட்டால் மற்றதை யாரும் படிக்கமாட்டார்கள். அப்பாவிடம் மறுபடி காட்டினீர்களா?

குடமுருட்டி:
காட்டினேன். முழுதும் படித்தார். "பத்திரத்துக்கு ஆகாதுன்னா உரக்கணக்குக்காவது ஆகுமா?" என்று கேட்டார். ஆகும் என்றேன்.