மறு: ‘டெர்மினல் நோட் கன்ட்ரோலர்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

> ‘முனையக் கணுக் கட்டுப்படுத்தி’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

வைக்கலாம்தான். ஆனால் கணுவை (நோட்) ‘முனை’ என்று எழுதுகிறவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் கையில் இது ‘முனைய முனைக் கட்டுப்படுத்தி’ ஆகிவிடும். அதுகூடப் போகட்டும், மூன்று சொல்லையும் படித்து முடித்த பிறகும் கணினிக்கும் வானொலிக் கருவிக்கும் நடுவே நிற்கும் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று விளங்கவில்லையே!

பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். 1985-இல் அமெரிக்காவின் டூசான் நகர அமெச்சூர் பொதி வானொலிக் குழு (தரவைப் பொதி பொதியாக வானொலியில் அனுப்பும் ஆர்வலர்கள்) வெளியிட்ட டிஎன்சி-2 என்ற டெர்மினல் நோட் கன்ட்ரோலர் நல்ல மாதிரி. கணினியிலிருந்து வரும் எழுத்துகளை உள்ளே இருக்கும் இசட்80 நுண்செயலி துண்டுகளாக்கி, பெறுநர், அனுப்புநர் அழைப்புக்குறிகளை (வானொலி நிலையத்தின் அடையாளப் பெயர்) முன்னால் ஒட்டுகிறது. அடுத்து, பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிப் பெறும் எஸ்ஐஓ சில்லு. துண்டின் இரு பக்கமும் 01111110 என்ற கொடியை நட்டு, பிழை கண்டுபிடிக்க 16 பிட்டுகளைக் கடைசியில் சேர்க்கிறது. சரி, தரவுக்குள்ளேயே கொடியைப் போன்ற வரிசை வந்துவிட்டால்? அதற்காகத்தான் ஐந்து 1 தொடர்ந்து வந்ததும் ஒரு 0-ஐத் திணிக்கிறது. மறுமுனை அதைப் பிடுங்கிப் போட்டுவிடும்.

இந்தத் திணிப்பில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பிட்டுகள் 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு தொனிகளாக, நொடிக்கு 1200 வீதம் போகின்றன. 0 வந்தால் தொனி மாறும், 1 வந்தால் மாறாது. பெறும் பக்கம் தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வது அந்த மாற்றங்களை வைத்துத்தான். 1 நீளமாக ஓடினால் கணக்குத் தப்பிவிடும், திணித்த 0 வந்து காப்பாற்றும். ஒரு மின்சுற்று செய்யும் வேலை அடுத்த மின்சுற்றுக்கு ஊன்றுகோலாவது எனக்கு இந்தப் பெட்டியில் மிகவும் பிடித்த இடம்.

பிட்டுகளைத் தொனியாக்கும் பண்பேற்றி, தொனியைப் பிட்டுகளாக்கும் பண்பிறக்கி பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நாம் ‘இணக்கி’ என்று ஏற்கெனவே பெயரிட்ட மோடம்தான் அது. ஆக, பெட்டிக்குள் இருப்பது பொதி கட்டி அவிழ்க்கும் பகுதியும் இணக்கியும். ‘பொதியிணக்கி’ என்றால் என்ன?

---

> ‘பொதியிணக்கி’ என்றால் என்ன?

எனக்குச் சம்மதம், ஐயா. முதலில் ஒரு சந்தேகம் இருந்தது. ‘கிஸ்’ (KISS) என்ற எளிய இயக்க முறையில் முகவரி, ஒப்புகை வேலையெல்லாம் கணினிக்குப் போய்விடுமே, அப்போது ‘பொதி’ எதற்கு? யோசித்துப் பார்த்தால் கொடி நடுவது, 0 திணிப்பது, பிழைச் சோதனை எல்லாம் அப்போதும் பெட்டியில்தான் நடக்கின்றன. பெயர் தாங்கும்.

இன்னும் இரண்டு சுற்றுகளை விட்டுவிட்டீர்கள். நுண்செயலி உறைந்துபோய் அலைபரப்பியை அணைக்காமல் விட்டால், தானே வெட்டிவிடும் நேரக்காவல் ஒன்று. இதற்குக் ‘காவற்கடிகை’ போதும், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். மற்றொன்று, வேறு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்து, அலைவரிசை ஓயும்வரை நம்மைக் காக்க வைப்பது. பாடநூல் வழக்கில் செய்தியைச் சுமந்து செல்லும் கேரியர் அலைக்கு ‘ஊர்தி அலை’ என்ற பெயர் இருப்பதால் ‘ஊர்தி உணரி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வண்டி வருகிறதா என்று பார்க்கும் கருவி என்றல்லவா படிப்பவர் நினைப்பார்!

ஆள் நடமாட்டத்தை ‘ஆளரவம்’ என்கிறோம். அந்த வழியில் ‘அலையரவம்’, அதை உணரும் சுற்று ‘அலையரவ உணரி’. கொஞ்சம் கவிதையாகிவிட்டதோ? வெறும் ‘அலையுணரி’ போதும் என்றால் அதற்கும் தயார், ஆனால் அது ஆன்டெனாவுக்கும் பொருந்திவிடும்.