ரிவ்யூ மீட்டிங்கில் வாய் உலர்ந்த கதைகள்

கோவை, பவுண்டரி:

என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு பவுண்டரியில் (உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கிற ஆலை) தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். மாதா மாதம் ரிஜெக்ஷன் ரிவ்யூ உண்டு, அதாவது எவ்வளவு உருப்படி கழிந்தது, ஏன் என்று அலசுகிற மீட்டிங். முதல் தடவை என்னைப் பேசச் சொன்னபோது இரண்டு ராத்திரி உட்கார்ந்து 38 ஸ்லைடு போட்டேன். எல்லாவற்றிலும் பட்டை வரைபடம், பொடிப் பொடி எழுத்து. திரையைப் பார்த்து வாசித்துக்கொண்டே போனேன். ஆறாவது ஸ்லைடில் பிளாண்ட் ஹெட் கையைக் காட்டினார். "தம்பி, இதெல்லாம் செரி. நாளைக்குக் காலையில நான் என்ன பண்ணோணும்?"

பதில் 31-வது ஸ்லைடில் இருந்தது. அதைத் தேடி பட்டனை அமுக்கிக்கொண்டே போன அந்த அரை நிமிடம் இருக்கிறதே, யாருக்கும் வரக்கூடாது. ஒருவர் போனை எடுத்தார், இன்னொருவர் டீ சொன்னார்.

அடுத்த மாதம் ஸ்லைடு நான்குதான். ரிஜெக்ட் ஆன ஒரு காஸ்டிங்கை (வார்த்தெடுத்த உருப்படி) குறுக்கே அறுத்து எடுத்துப்போய் மேஜை நடுவில் வைத்தேன். உள்ளே ப்ளோ ஹோல், அதாவது வாயு அடைத்து விழுந்த ஓட்டை, சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு. பேச்சே எடுக்கவில்லை, அதற்குள் ஆளுக்கு ஆள் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். "அச்சு மண்ணில் ஈரம் கூடிப்போச்சு சார். ஷிப்டுக்கு ஒரு தடவை பார்க்கிறதை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு மாத்தணும்." என் முதல் வாக்கியமே இதுதான். மொத்தம் பத்து நிமிடத்தில் மீட்டிங் முடிந்தது. நான் பெரிய பேச்சாளன் ஆகிவிட்டேன் என்றெல்லாம் இல்லை. கேட்கிறவருக்கு எது வேண்டுமோ அதை முதலில் வைத்தேன், அவ்வளவுதான்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

சென்னை, ஐடி:

அண்ணா, அந்த அரை நிமிடம் எனக்கு நல்லாவே தெரியும். என் பிரச்சனை வேறு: வாயைத் திறந்தால் "வந்து". மேனேஜர் தொல்லை தாங்காமல் மேடைப்பேச்சு பழகுகிற டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் சேர்ந்தேன். (பெயரைக் கேட்டு ஏதோ கேட்டரிங் என்று நினைத்தேன். 1924-ல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் ஆரம்பித்தது என்று அப்புறம்தான் தெரிந்தது.) அங்கே "ஆ", "ம்" எண்ணுவதற்கென்றே ஒருவரை உட்கார வைப்பார்கள். முதல் பேச்சு நான்கிலிருந்து ஆறு நிமிடம். நான்காவது நிமிடத்தில் பச்சை, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு காட்டுவார்கள். நான் பச்சையையே பார்க்கவில்லை, இரண்டரை நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது! அந்த இரண்டரை நிமிடத்தில் "வந்து" 23 தடவையாம். எண்ணியவர் சிரிக்காமல் வாசித்தார், அதுதான் கொடுமை.

ஆனால் அந்த எண்ணிக்கை மண்டையில் ஏறிவிட்டது. "வந்து" வருகிற இடத்தில் வாயை மூடிக்கொள்ளப் பழகினேன். நமக்கு அந்த மௌனம் ஒரு யுகம் மாதிரி இருக்கும். கேட்கிறவர்களுக்கு யோசித்துப் பேசுகிற ஆள் மாதிரி தெரிகிறது. ஆபீசுக்கு இதைவிட உதவியது, தலைப்பை அந்த இடத்திலேயே கொடுத்து இரண்டு நிமிடம் பேசச் சொல்கிற பகுதி. கிளையன்ட் திடீரென்று கேள்வி கேட்டால் இப்போதெல்லாம் வயிற்றைக் கலக்குவதில்லை.

மதுரை, வங்கிப் பயிற்சியாளர்:

இங்கே நிறையப் பேர் "பயம் போயிடும்" என்று எழுதப் போகிறீர்கள் என்று தெரிகிறது. எனக்குப் பதினாறு வருடமாகப் போகவில்லை. இன்றைக்கும் வகுப்பு தொடங்கும் முன்பு கை நடுங்கும். ஒரு பெரிய கூட்டத்தில் ஏ4 தாளைப் பிடித்துக்கொண்டு பேசினேன். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது, மைக் அதையும் எடுத்துக் கொடுத்தது. முன்வரிசையில் ஒரு அம்மா ஃபேனை நிறுத்தச் சொன்னார்! அதிலிருந்து கல்யாணப் பத்திரிகை மாதிரி கெட்டி அட்டையில்தான் குறிப்பு. நடுக்கம் இருக்கும், வெளியே தெரியாது. மைக்கும் ஸ்டாண்டிலேயே இருக்கட்டும், கையில் எடுக்காதீர்கள். முதல் இரண்டு வரி மட்டும் மனப்பாடம். மூன்றாவது வரிக்கு வரும்போது குரல் தானாகவே இறங்கி உட்கார்ந்துவிடும்.

கண்ணாடி முன்னால் பேசிப் பார்க்கச் சொல்வார்கள். எனக்கு அது உதவியதே இல்லை, முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் பதிவு செய்து கேட்பது மேல். முதல் தடவை உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர்:

சின்ன விஷயம்தான். பவர்பாயிண்டில் ஸ்லைடு ஓடும்போது கீபோர்டில் 'B' எழுத்தை அமுக்கினால் திரை கறுப்பாகிவிடும், திரும்ப அமுக்கினால் வந்துவிடும். கைதவறி அமுக்கித்தான் கண்டுபிடித்தேன். கரண்ட் போச்சு என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் நான் சொன்னதை முழுசாகக் கேட்டார்கள்.

கோவை, பவுண்டரி:

மதுரை மேடம், அட்டை யோசனை அருமைங்க, வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை ஒரு கட்டு கிடக்கிறது. சென்னைத் தம்பி சொன்னதையும் செய்து பார்த்தேன். அடுத்த ரிவ்யூவுக்கு ஒத்திகை பார்க்கும்போது வீட்டம்மாவை எண்ணச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் "ஆக்சுவலா" 14. தினமும் வீட்டில் பேசுவதையும் எண்ணட்டுமா என்று கேட்கிறாள்.