கந்தளாய்க் குளத்துத் தண்ணி: வயலுக்கா, குழாய்க்கா?

உப்புவெளியான்:
இந்தச் சிறுபோகத்துக்கு, அதுதான் கோடை நெல்லுக்கு, முழு ஏக்கரும் விதைக்கலாம் எண்டு நேற்று இங்க ஒருத்தர் எழுதியிருந்தார். ஆவணி, புரட்டாசியில திருகோணமலை டவுன் ஆக்கள் என்னத்தைக் குடிக்கிறது? எங்கட குழாய்த் தண்ணி கந்தளாயில இருந்துதான் வருது. கடற்கரைக் கிணத்தை ஆழமாக் கிண்டினா உவர்.

தம்பலகாமத்தான்:
எழுதினது நான்தான் தம்பி. குளத்தைக் கட்டினது குளக்கோட்டன் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம், இரண்டாம் அக்கபோதி எண்டு சரித்திரம் படிச்சவை சொல்லுவினம். ஆர் கட்டினாலும் வயலுக்குத்தான் கட்டினது. வயல் குடிக்கிறதோட பாத்தா உங்கட குழாய் எடுக்கிறது சொற்பம்.

உப்புவெளியான்:
சொற்பம் எண்டா அதை முதலே ஒதுக்கி வைக்கிறதில உங்களுக்கென்ன கஷ்டம், அண்ணை?

தம்பலகாமத்தான்:
ஒதுக்குங்கோ. ஆனா விதைக்க முதல், தண்ணியையும் ஏக்கரையும் தீர்மானிக்கிற ஆரம்பக் கூட்டத்தில சொல்லுங்கோ. விதைக்க விட்டிட்டு, கதிர் தண்டுக்குள்ள இருக்கிற குடலைப் பருவத்தில துருசை, அதுதான் குளத்து மதகை, மூடுறதுதான் எங்களைக் கொல்லுது. அந்த நேரம் வயல் காய்ஞ்சா கதிர் வெள்ளையா வெளிய வரும். கையால உருவிப் பாருங்கோ, எல்லாம் பதர். உரக்கடனை ஆர் கட்டுறது?

குளக்கட்டு:
ரெண்டு பேரும் கந்தளாயில பெய்யிற மழையை மட்டும் நம்பிக் கதைக்கிறீங்கள். நக்கிள்ஸ், மாத்தளை மலையில பெய்யிறது அம்பன் கங்கையில இறங்கி, எலஹெர அணைக்கட்டில திரும்பி, மின்னேரியாக் குளத்துக்கு வந்து, அங்கயிருந்து யோத எல எண்ட பழைய வாய்க்காலால இங்க வருது. அம்பன் கங்கையில கட்டின மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018 இல நிரம்பின பிறகு கோடையிலயும் மேல தண்ணி நிக்குது. மின்னேரியாவில சண்டை தலைகீழ்: கோடையில குளம் வத்தினாத்தான் கரையில புல் முளைச்சு யானை வரும், இப்ப தண்ணி இறங்காம புல் அமிழ்ந்து போகுதாம்! மேலயிருந்து எப்ப, எவ்வளவு விடுவினம் எண்டதை எழுத்தில வாங்குங்கோ, பிறகு ஏக்கரைப் பேசலாம்.

உப்புவெளியான்:
எழுத்தை நம்பி விதைக்கிறதா? மேல இருக்கிற வயலெல்லாம் குடிச்ச மிச்சம்தானே எங்களுக்கு. மாரித் தண்ணியை விடாம குளத்தை நிரப்பி வையுங்கோ, அது போதும்.

குளக்கட்டு:
1986 ஏப்ரல் 20 விடியப்புறம் அந்தக் கட்டு உடைஞ்சு நூறு பேருக்கு மேல செத்தவை. குளம் நிரம்பி வழியிற வான் மட்டத்தைத் தொட்டா வான்கதவு திறக்கத்தான் வேணும். அதில பேரம் இல்லை.

தம்பலகாமத்தான்:
சரி, ஏக்கரைக் குறைப்பம், மூண்டு மாத நெல்லும் போடுவம். ஆருட ஏக்கரைக் குறைக்கிறது? வாய்க்கால் தலைப்பில இருக்கிறவருக்கு ஒருநாளும் தண்ணி முட்டில்லை. வெட்டுறது எப்பவும் எங்கட கடைசி வயலைத்தான். முந்தி வறட்சியில பெத்ம எண்டு தலைப்பு வயலை எல்லாருக்கும் பங்கு போட்டு விதைச்சவை. அப்பிடிச் செய்தா உங்கட குழாய்க்கும் நான் கை தூக்குறன்.

உப்புவெளியான்:
நல்ல கதைதான் அண்ணை. தலைப்பு ஆக்களை அந்தக் கூட்டத்துக்கு ஆர் கூட்டிக்கொண்டு வாறது?