ஆன்லைன் க்ளாஸ்ல பசங்கள சொந்தமா யோசிக்க வைக்கிறது எப்படி?

சாக்பீஸ்:
வணக்கம். 12, 13 வயசு பசங்களுக்கு ஆன்லைன்ல க்ரியேட்டிவிட்டி க்ளாஸ் எடுக்கிறேன். க்விஸ் வெச்சா பட்டாசு மாதிரி பதில் வருது, ஆனா "பழைய குடைய வெச்சு புதுசா என்ன பண்ணலாம்"னு கேட்டு பிரேக்அவுட் ரூமுக்கு (வீடியோ கால்லயே சின்னச் சின்ன குழுவா பிரிச்சு விடுற தனி ரூம்) அனுப்பிட்டு எட்டிப் பாத்தா ஒருத்தன் மட்டும் பேசறான், மத்தவங்க மைக்க ஆஃப் பண்ணிட்டு கம்முனு இருந்துட்டு கடைசில அவன் சொன்னதையே திருப்பிச் சொல்றாங்க. ஓட்டுப் போடுற போல் (poll), எமோஜி எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. வேற என்னதான் பண்றது?

இரவுப்பறவை:
க்விஸ்ல சரியான விடை ஏற்கனவே உங்க கையில இருக்கு சார், பசங்க அதக் கண்டுபிடிக்கிறாங்க அவ்ளோதான். ஐடியா வேணும்னா மொதல்ல பேசவே விடாதீங்க, கேமரா மைக் ரெண்டும் ஆஃப், ஆளாளுக்கு பேப்பர்ல எழுதட்டும். 2022ல நேச்சர் இதழ்ல ப்ரக்ஸ், லெவாவ்னு ரெண்டு பேரோட ஆய்வு வந்துச்சு, ஜோடி ஜோடியா ஆளுங்கள உக்கார வெச்சு ஃப்ரிஸ்பீ (தூக்கி எறிஞ்சு விளையாடுற தட்டு), பபிள் ராப் (பார்சல்ல சுத்துற காத்துக் குமிழ் ஷீட்) இதுக்கெல்லாம் புதுப் பயன் யோசிக்கச் சொன்னாங்க, நேர்ல உக்காந்தவங்களவிட வீடியோ கால்ல இருந்தவங்களுக்கு ஐடியா கம்மி. கண்ணு ஸ்க்ரீன விட்டு நகரல, அதனால யோசனையும் குறுகிடுதுன்னு காரணம் சொல்றாங்க. ஆனா வந்த ஐடியால நல்லத பொறுக்கறதுல வீடியோக்காரங்க ஒண்ணும் சளைக்கல. அதனால யோசிக்கிறத ஸ்க்ரீனுக்கு வெளில வெச்சுக்கோங்க, பொறுக்குறத வீடியோ கால்ல பண்ணலாம்.

சாக்பீஸ்:
கேமராவ ஆஃப் பண்ணா அப்படியே கேம் ஆடப் போயிடுவாங்களே சார்

இரவுப்பறவை:
போவாங்க சில பேர் 😄 அதுக்குத்தான் 6-3-5 முறை, 1968ல ரோர்பாக்னு ஒரு ஜெர்மன்காரர் சொன்னது. 6 பேர், ஆளுக்கு 3 ஐடியா, 5 நிமிஷத்துக்கு ஒரு தடவ தாள் அடுத்தவன் கைக்குப் போகும், அவன் அதுமேல ஏத்தி எழுதணும். ஷேர்டு டாக்குமென்ட்ல ஆளுக்கொரு பக்கம் குடுத்தா போதும், எழுதாதவன் பக்கம் காலியா பல்லிளிக்கும்.

கோடிங்அக்கா:
உங்க கேள்வியும் கொஞ்சம் லூசா இருக்கு. "புதுசா ஏதாவது"ன்னா பெரியவங்களுக்கே மண்ட காயும். "ஒத்தக் கையால குழந்தையத் தூக்கிட்டு நடக்கிறவங்க குடைய எப்படிப் பிடிப்பாங்க"ன்னு கேளுங்க, கைப்பிடிய தோள்ல மாட்டலாமா, பைல செருகலாமான்னு அவங்களே ஆரம்பிச்சுருவாங்க.

அப்புறம் காப்பி அடிக்கிறத தடுக்காதீங்க, ரூல் போட்டு விடுங்க. எம்ஐடி மீடியா லேப்ல ரெஸ்னிக் குழு 2007ல வெளியிட்ட ஸ்க்ராட்ச் பாத்திருப்பீங்க, பசங்க கேம், அனிமேஷன் எல்லாம் பண்ற கோடிங் தளம், அதுல ஷேர் பண்ண எந்த ப்ராஜெக்ட்டையும் யார் வேணா எடுத்து மாத்தி ரீமிக்ஸ் பண்ணலாம், ஒரிஜினல் யாரோடதுன்னு தானா காட்டும். என் க்ளாஸ்ல ஒரு பொண்ணு, பூனை பந்து பிடிக்கிற கேம எடுத்து, பந்து கீழ விழாம மேல போற மாதிரி ஒரே ஒரு நம்பருக்கு மைனஸ் போட்டா, அப்புறம் பூனைய எங்க நிறுத்துறதுன்னு தெரியாம மொத்த கேமையும் மாத்த வேண்டியதாயிடுச்சு. எதை மாத்துன, ஏன் மாத்துனன்னு ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க, மார்க் போட்டே ஆகணும்னா அந்த ரெண்டு வரிக்குப் போடுங்க.

சாக்பீஸ்:
ரெண்டு பேருக்கும் நன்றி, குடைக் கேள்விய அப்படியே சுட்டுக்கிறேன். ஷேர்டு டாக்குமென்ட்ல ஒருத்தன் அடுத்தவனோடத அழிச்சு விளையாடினா?

கோடிங்அக்கா:
அழிப்பாங்க, நிச்சயம். வெர்ஷன் ஹிஸ்டரில (டாக்குமென்ட்டோட பழைய நிலை எல்லாம் சேமிச்சிருக்கிற இடம்) போய் மீட்டுக்கலாம், யாரு வேலைன்னும் அங்கயே தெரிஞ்சுரும், ஆனா ஒவ்வொருத்தரும் அவங்கவங்க அக்கவுன்ட்ல லாகின் பண்ணிருக்கணும்.